லால்குடி ஜெயராமனுக்கு நம்மூரில் ஓர் அஞ்சலி வாசிப்பு: எப்படித் தயாராவது

வயலின் மேதை லால்குடி ஜெயராமன் பிறந்தது 1930 செப்டெம்பர் 17, மறைந்தது 2013 ஏப்ரல் 22. இந்த இரண்டில் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மல்லாவியிலோ ஒரு சின்ன அஞ்சலி வாசிப்பு வைக்கலாமா என்று வயலின் படிக்கிற பிள்ளைகளும் படிப்பிக்கிற சிலரும் கேட்பதுண்டு. வைக்கலாம். எதை எடுப்பது, எப்படிப் பழகுவது, ஒலிபெருக்கிக்காரரை எப்படிச் சமாளிப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நாளைப் பற்றி முதலில். என் ஓட்டு செப்டெம்பருக்கு. சிறுபோக அறுவடை பெரும்பாலும் முடிந்திருக்கும், காலபோக விதைப்பு தொடங்கியிருக்காது, மாரியும் வரவில்லை, ஆகவே சனம் வந்து உட்கார நேரம் இருக்கும். ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த களைப்பு, வெயிலோ மண்டையைப் பிளக்கும், பின்னேரத்தில் இடி மழை வந்தால் தகரக் கூரை மண்டபத்தில் வயலின் ஒரு ஓசையும் கேட்காது. நினைவு நாளில்தான் செய்ய வேண்டும் என்று உறுதியாக இருந்தால் செய்யுங்கள், ஆனால் ஓட்டுக் கூரை உள்ள இடமாகப் பாருங்கள்.

சரி, ஏன் லால்குடி? டி.என்.கிருஷ்ணன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், லால்குடி என்று மூவரையும் சேர்த்து வயலின் மும்மூர்த்திகள் என்பார்கள், மூவரும் மூன்று வழி, மூன்றும் பெரிய வழிதான். எனக்கு லால்குடி. அவர் முன்னால் உட்கார்ந்து படித்தவன் இல்லை நான், நேரில் பார்த்ததும் கிடையாது. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த காலத்தில் திருச்சி வானொலியிலும் சைக்கிள் டைனமோவில் ஓடிய கசெற்றுகளிலும் கேட்டதுதான் என் படிப்பு. மிதிக்கிறவன் களைத்தால் சாருகேசி ராகத்தின் சுருதி அரைக்கட்டை இறங்கும், யாராவது ஏசினால் மறுபடி ஏறும். அப்படிக் கேட்டும்கூட அந்த வில்லில் பாட்டின் சொல் விளங்கியது. வயலினைப் பாட வைத்தவர் என்று எல்லா மேடையிலும் சொல்கிறோமே, அதன் பொருள் இதுதான்: பாடகர் எந்த எழுத்தில் நின்றாரோ அந்த எழுத்தில் வில்லும் நிற்கும், எந்த எழுத்தை இழுத்தாரோ அதை வில்லும் இழுக்கும். ஆகவே சொல் விளங்க வாசிப்பதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி. மாலையும் படமும் குத்துவிளக்கும் அதற்குப் பிறகு.

அவரைப் பற்றி மேடையில் ஐந்து நிமிடம் பேச யாரையாவது விடுவீர்கள், அவருக்கு இந்தத் தகவல்களைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இசை தெய்வீகமானது என்று தொடங்கி அரைமணி நேரம் போய்விடும். தியாகராஜரின் சீடர் பரம்பரையில் வந்த குடும்பம். குரு, தகப்பனார் கோபால ஐயர்தான். 12 வயதில் பக்கவாத்தியக்காரராக மேடை ஏறியவர். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர், புல்லாங்குழல் மாலி என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் எல்லாருக்கும் வாசித்தவர். 1966 இல் என்.ரமணியின் குழல், ஆர்.வெங்கட்ராமனின் வீணை, தன் வயலின் மூன்றையும் சேர்த்து வேணு வீணா வயலின் என்ற கச்சேரி முறையைக் கொண்டுவந்தார். கச்சேரித் தொடக்கத்தில் வரும் வர்ணங்களும் முடிவில் வரும், ஜதிச் சொல் நிறைந்த தில்லானாக்களும் நிறைய இயற்றினார். 1972 இல் பத்மஸ்ரீ, 2001 இல் பத்மபூஷண். சிருங்காரம் என்ற படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் வாங்கினார். மகன் ஜி.ஜே.ஆர்.கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி, இருவரும் வயலின் கலைஞர்கள். இவ்வளவு போதும்.

உருப்படிகளை, அதாவது வாசிக்கும் பாட்டுகளை, தெரிவு செய்யும்போது ஆசைப்படாதீர்கள். மொத்தம் ஐம்பது நிமிடம், மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். சிறிய பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு லால்குடியின் உருப்படி எதையும் கொடுக்க வேண்டாம், பார்க்க எளிதாகத் தோன்றுகிற இடத்தில்கூட விரல் வேலை ஒளிந்திருக்கும். ‘நின்னுக்கோரி’ மோகன வர்ணத்தை எல்லாருமாகச் சேர்ந்து இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், வாசிக்கட்டும், வர்ணம் வந்த பிள்ளைக்கு அது பயமில்லாமல் வரும். பெரிய பிள்ளைகளுக்கு அவருடைய வர்ணம் ஒன்று: முருகன் கோயில் மண்டபமாக இருந்தால் நீலாம்பரியில் ‘செந்தில் மேவும்’, இல்லாவிட்டால் சாருகேசியில் ‘இன்னும் என் மனம்’. நடுவில் ஒரு கீர்த்தனை. இதற்கு நான் எப்போதும் சொல்வது லால்குடி பஞ்சரத்தினத்தில் ஒன்று, தியாகராஜர் லால்குடி ஊர்க் கோயிலின் சப்தரிஷீஸ்வரர் மீதும் அம்பாள் மீதும் பாடிய ஐந்து கீர்த்தனைகள் அவை. பைரவியில் ‘லலிதே ஸ்ரீ ப்ரவ்ருத்தே’ எடுத்தால் அவருடைய ஊரும் வந்துவிடும், பரம்பரையும் வந்துவிடும். பைரவி தாங்காது என்றால் மத்தியமாவதியில் ஒன்று இருக்கிறது, அதற்குப் போங்கள். கடைசியில் மோகனகல்யாணித் தில்லானா. பரதநாட்டிய அரங்கேற்றங்களில் கேட்டுக் கேட்டு நம் சனத்துக்குப் பழகியது, முதல் ஆவர்த்தனத்திலேயே (தாளச் சுற்றிலேயே) தலை ஆடத் தொடங்கிவிடும். மோகனத்தில் தொடங்கி மோகனகல்யாணியில் முடிப்பதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது: ஏறும்போது மோகனம், இறங்கும்போது கல்யாணி என்று பிள்ளைகளுக்கு ராகப் பாடமாகவும் போய்விடும்.

அடுத்தது கேட்பது. ஒரு உருப்படிக்கு ஒரு பதிவு மட்டும். யூரியூப்பில் ஐந்து ஆறு கிடக்கும், எல்லாவற்றையும் கேட்டால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு சங்கதி (ஒரே வரியின் மாறுபட்ட வடிவம்) ஒட்டிக்கொண்டு கடைசியில் யாருடைய பாணியும் இல்லாத ஒரு கலவை வரும். அவரே வாசித்த பதிவு ஒன்றை எடுத்து, முதலில் வயலினைத் தொடாமல் கேளுங்கள், சமையல் செய்யும்போது, பஸ்ஸில் போகும்போது, எப்படியும். பிறகு தம்பூரா ஆப்பைத் திறந்து பதிவின் ஷட்ஜம், அதாவது ‘ச’, எங்கே என்று பிடியுங்கள். பழைய கசெற்றிலிருந்து ஏற்றியவை பெரும்பாலும் சரியான கட்டையில் நிற்காது, இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் இடையில் எங்கோ தொங்கும், அதற்கு ஏற்றபடி தம்பூராவை நுணுக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். பிறகு வேகத்தை 0.75 க்கு இறக்குங்கள். சுருதி மாறாது, வேகம் மட்டும் குறையும். கடினமான இடத்துக்கு 0.5 வரை போகலாம், அதற்குக் கீழே போனால் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) எல்லாம் உடைந்து தனித்தனி ஸ்வரமாகக் கேட்கும், அதைக் கேட்டு எழுதினால் பிழையாகிவிடும். ஸ்வரத்தை நீங்களே எழுதுங்கள். எங்கோ கிடைத்த ஸ்வரக் குறிப்பைப் படம் பிடித்துப் பிள்ளையிடம் கொடுக்கிற வேலை வேண்டாம், காது வேலை செய்யாமல் போய்விடும்.

அவருடைய தனி வாசிப்பை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள் என்றும் சொல்வேன். மதுரை மணி ஐயருக்குப் பக்கம் வாசித்த பதிவுகளில் ஒன்றையாவது கேளுங்கள். பாடகர் ஒரு பிடியை (ராகத்தின் ஒரு துணுக்கை) பாடி முடிக்கிறார், லால்குடி அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார், ஒரு எழுத்துக் கூடவும் இல்லை குறையவும் இல்லை, பிறகு தன் முறை வரும்போதுதான் தன்னுடையதை வைக்கிறார். எங்கே வாசிக்காமல் இருக்கிறார் என்பதைக் கவனித்தால் பக்கவாத்தியம் என்றால் என்ன என்பது பாதி விளங்கிவிடும்.

இனி வில். இந்தப் பகுதியை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள். முதலில் பாட்டின் சாகித்தியத்தை, அதாவது சொற்களை, ஒரு கொப்பியில் எழுதுங்கள், பொருளைக் கேட்டு அறியுங்கள், தெலுங்கென்றால் யாரிடமாவது கேட்டாவது. பிறகு வாயால் பாடுங்கள். எனக்குக் குரல் இல்லை, நான் வயலின்காரன் என்று சொல்கிறவர்களிடம் நான் விவாதிப்பதில்லை, பாடாவிட்டால் நிகழ்ச்சியில் இடமில்லை, அவ்வளவுதான். நல்ல குரல் தேவையில்லை, எழுத்து சரியாக வந்தால் போதும். தாளம் போட்டுக்கொண்டு பாடும்போது எந்த எழுத்து தாளத்தின் அட்சரத்தில் (எண்ணிக்கையில்) விழுகிறது, எது தள்ளி விழுகிறது என்று கொப்பியிலேயே குறியுங்கள். அதற்கு மேலே வில்லின் போக்கைக் குறியுங்கள், இழுப்புக்கு ஒரு குறி, தள்ளுக்கு ஒரு குறி.

எங்கே வில் மாற்றுவது என்பதற்குப் பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணமே போதும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. வல்லினம் வருகிற இடத்தில் புது வில், அல்லது அதே வில்லில் ஒரு சின்ன நிறுத்தம். மெல்லினத்தில் வில்லை நிறுத்தாமல் ஆட்காட்டி விரலால் இலேசாக ஓர் அழுத்தம். இடையினத்தில் ஒன்றும் செய்யாதீர்கள், வழுக்கிக்கொண்டு போகட்டும். ‘செந்தில் மேவும்’ என்பதை எடுங்கள். ‘செந்’ ஒரு வில், ந் இல் அழுத்தம். ‘தில்’ க்குப் புது வில், ல் இல் தளர்வு. ‘மேவும்’ முழுதும் ஒரே வில், மே நெடில் என்பதால் வில்லில் பாதிக்கு மேல் அதற்கே போக வேண்டும், வகரம் இடையினம் என்பதால் அந்த இடத்தில் வில் மாறினால் ‘மே’ வேறு ‘வும்’ வேறாக உடைந்து கேட்கும், ம் இல் வில் தந்தியை விட்டு எழும்பாமல் மெதுவாக ஓய வேண்டும். இப்போது ‘இன்னும்’: ‘இன்’ ஒரு வில், ‘னும்’ அதே திசையில், இடையில் வில் கொஞ்சம் அமுங்கி விடுபடும், அந்த இரட்டை னகரம் காதில் விழுந்துவிடும். திசையை மாற்றினால் ‘இனும்’ என்றுதான் கேட்கும், செய்து பாருங்கள்.

இது லால்குடியார் எழுதி வைத்த விதி இல்லை, அவருடைய பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு நான் பிள்ளைகளுக்காகக் கட்டிக்கொண்ட வழி. தெலுங்குக் கீர்த்தனைக்கும் இதே கணக்கு ஓரளவு ஓடும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பாட்டுத் தெரிந்த ஒருவரை மற்ற அறையில் உட்கார வைத்து ஒரு வரியை நடுவிலிருந்து வாசியுங்கள், எந்த வரி என்று அவர் சொல்லிவிட்டால் வில் பேசுகிறது. ராகத்தை மட்டும் சொன்னார் என்றால் இன்னும் வேலை இருக்கிறது.

இடக்கையைப் பற்றிச் சுருக்கமாக. கமகம் பிடிக்கிற விரல் தந்தியை அமத்திக்கொண்டு நகரக்கூடாது, படிந்து நகர வேண்டும், அதற்கு வயலின் ஆடாமல் இருக்க வேண்டும். சம்மணம் போட்டு, வலது கணுக்காலில் வயலின் தலை நன்றாக ஊன்றி இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பிள்ளைகள் இடக்கையால் வயலினைத் தாங்கிக்கொண்டுதான் வாசிக்கிறார்கள், பிறகு கை எப்படி வழுக்கும்? சாருகேசி எடுப்பவர்களுக்கு ஒரு சொல்: மேல்பாதியில் வருகிற சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் தோடியிலும் உள்ளவை, அங்கேயே நின்று அசைத்துக்கொண்டிருந்தால் கேட்கிறவருக்குத் தோடியோ என்று சந்தேகம் வரும். சீக்கிரம் அந்தர காந்தாரத்துக்கு இறங்கி வந்து ராகத்தைக் காட்டிவிடுங்கள்.

வேகத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. தில்லானா என்றவுடன் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளை முறுக்குவது போல முறுக்குகிறார்கள். மோகனகல்யாணித் தில்லானாவில் ஜதிச் சொற்களுக்கும் எழுத்து இருக்கிறது, தீம் வேறு தனனம் வேறு, அவை ஒன்றாகக் குழைந்தால் அது தில்லானா இல்லை. முழுதும் சுத்தமாக வருகிற வேகம் எதுவோ அதுதான் மேடைக்கு உரிய வேகம். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனம், தாளம் தெரிந்தவர்கள், வேகத்தால் அவர்களை ஏமாற்ற முடியாது.

வாத்தியத்துக்கு வருவோம், வன்னி வெயில் வயலினுக்கு எதிரி. செப்டெம்பரில் மரம் வற்றிப் பிரடை (தந்தியை முறுக்கும் முளை) இளகும், சுருதி சேர்த்துக் கையை எடுக்குமுன் தந்தி கழன்றுவிடும். பிரடையைக் கழற்றி வெள்ளைச் சோக்கைக் கொஞ்சம் பூசி, உள்ளே அமத்திக்கொண்டு திருப்பினால் நிற்கும். கார்த்திகை மார்கழியில் நேர்மாறு, ஈரம் ஏறிப் பிரடை இறுகும், வில்லின் மயிர் நீளும். எந்தக் காலமானாலும் வாசித்து முடித்தவுடன் வில்லின் திருகைத் தளர்த்தி வையுங்கள். வில்லுக்குப் பூசும் ரெசினை வெயில் படும் சன்னலில் வைத்தால் உருகி ஓடும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது பெட்டியை ராங்கின்மேல் படுக்க வைத்துக் கட்டுகிறவர்களைக் காண்கிறேன், சூட்டில் பசை விடும், பின்னால் இருப்பவரின் முதுகில் போட்டுக்கொண்டு போவதே பாதுகாப்பு. ஒட்டு விட்டுப்போன வயலினுக்குச் சூப்பர் குளூ பூசாதீர்கள், பிறகு திருத்துகிறவராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதல் தந்தி இரண்டு மேலதிகமாகக் கையில் இருக்க வேண்டும், நிகழ்ச்சி நாளன்று யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்ப முடியாது. புதுத் தந்தியை அன்று காலையில் மாற்றவும் வேண்டாம், அது இழுபட்டு நிற்கச் சில நாள் எடுக்கும்.

குழுவாக வாசிப்பதென்றால் சுருதியை முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்து எல்லா வயலினும் அதே கட்டையில் பழக வேண்டும். சிறிய அளவு வயலின்கள் கலந்திருந்தால் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் அவற்றின் நாலாம் தந்தி தொளதொளவென்று கிடக்கும். மிருதங்கக்காரரிடமும் கட்டையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு மிருதங்கம் என்பதை மறந்துவிட்டு மேடையில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊரில் மிருதங்கக்காரர் இல்லையென்றால் தவில்காரரைக் கூப்பிடலாமா என்று கேட்டார்கள். வயலினுக்குத் தவில் வேண்டாம். தாளம் போட்டுக்கொண்டு வாசிக்கலாம், கஞ்சிரா தெரிந்த பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. ஒத்திகையில் ஒரு முறையாவது மிருதங்கத்தோடு முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள்.

மேடை. கதிரை வேண்டாம், பாயோ சமுக்காளமோ விரித்து உட்காருங்கள், வியர்வை துடைக்க ஒரு துணி, விரலுக்கு முகத்துக்குப் போடும் பவுடர் துளி. ஃபானைப் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் மைக்கில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். ஒலிபெருக்கிக்காரர் திருவிழாவுக்குப் பழகியவர், எக்கோ போடாவிட்டால் அவருக்கு மனம் ஆறாது. பின்னேரம் நாலு மணிக்கே அவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, எக்கோவை முழுதும் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏனென்றால் எழுத்து எழுத்தாக நீங்கள் பழகிய வில் எல்லாம் அந்த எக்கோவில் கரைந்துவிடும். மைக்கை வயலினின் துளைக்கு நேரே ஒரு அடி தள்ளி, கொஞ்சம் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வைத்தால் வில் உரசும் சத்தம் குறையும். பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மைக் வேண்டாம், இரண்டு போதும். தம்பூரா ஆப்பைத் தனி ஃபோனில் ஓட விடுங்கள், அதைப் பிளேன் மோடில் போடுங்கள், பைரவி நடுவில் கனடாவிலிருந்து மாமா அழைப்பார். மின்சாரம் போனால் ஆப்பும் ஃபோன் பற்றரியில் ஓடும், வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் மின்சாரம் தேவையில்லை, ஆகவே நிறுத்தாமல் வாசியுங்கள், சனம் முன்னுக்கு வந்து உட்காரும்.

உரைகளைக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை என்று அழைப்பிதழ் அடித்துவிட்டால் பிள்ளைகள் ஒன்பது மணிக்குத்தான் வில்லெடுப்பார்கள், அதற்குள் சின்னதுகள் நித்திரை. அழைப்பிதழிலேயே உரை இரண்டு என்று அடித்துவிடுங்கள், விளக்கேற்றவும் மாலை போடவும் மற்றப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள், யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் ஒரு பிள்ளை எழுந்து நின்று பாட்டின் முதல் வரியையும் பொருளையும் தமிழில் சொல்லட்டும், இரண்டு வசனம். கேட்கிறவர் அந்தச் சொல்லைக் காதில் வைத்துக்கொண்டு வயலினில் தேடுவார்.

பதிவு செய்வதென்றால் ஃபோனை ஸ்பீக்கருக்கு முன்னால் வைக்காதீர்கள், வாசிப்பவர்களுக்கு நேரே, இரண்டாம் வரிசையில், ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். அடுத்த வகுப்பில் அதைப் போட்டு, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த எழுத்து விளங்கவில்லை என்று பிள்ளைகளையே குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கான பயிற்சியை அந்த இடங்களிலிருந்தே தொடங்கலாம்.